தாமிரம் கொட்டிக் கிடக்கும் நாட்டுக்கு எதற்கு உதவிப் பணம்?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: பெரம்பூரில் உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜாம்பியாவில் கணக்கர் வேலைக்குப் போயிருக்கிறார், அந்த ஊர் முழுக்க தாமிரச் சுரங்கம் என்கிறார், ஆனால் அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகூட வெளிநாட்டு உதவியில்தான் வருகிறது என்றும் சொல்கிறார். இவ்வளவு வளம் இருக்கிற நாட்டுக்கு எதற்கு உதவி, அல்லது உதவி என்பதே சுரங்கத்தைக் கைப்பற்றுவதற்கான வழியா என்று கேட்டிருந்தீர்கள். எம்.ஏ. பொருளாதாரத்துக்கு இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்றும் கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் பாதி சரி. உதவி கொடுத்தவர்கள் நெருக்கித்தான் ஜாம்பியாவின் சுரங்கங்கள் மலிவு விலைக்குக் கைமாறின. அதே சமயம், அந்தச் சுரங்கங்களில் வரி எப்படிக் கைநழுவிப் போகிறது என்பது முதன்முதலாக வெளியே தெரிந்ததும் ஓர் உதவித் திட்டத்தின் மூலம்தான். ஆகவே "உதவி நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. பேச்சுவார்த்தை மேசையில் அந்த உதவி யார் பக்கம் உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். வளமுள்ள நாட்டுக்குப் பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்து எதிர்க்கேள்வி போடத் தெரிந்த ஆள். இத்தனை வருடம் கொட்டிய உதவியில் அதற்கென்று போனது ரொம்பக் குறைவு, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். 1964 அக்டோபர் 24 அன்று சுதந்திரம் வாங்கியபோது ஜாம்பியா ஏழை நாடு இல்லை. தாமிர விலை நன்றாக இருந்தது, ஆப்பிரிக்கக் கணக்கில் வசதியான நாடு. இல்லாதது படித்த ஆட்கள். பட்டதாரிகள் என்று எண்ணினால் நாடு முழுக்க நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள், ஏனென்றால் வெள்ளையர் ஆட்சிக்குச் சுரங்கத்தில் தொழிலாளி வேண்டியிருந்தது, மேலாளர் வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் எழுபதுகளில் நம் பக்கத்திலிருந்தெல்லாம் கணக்கு வாத்தியார்களும் அறிவியல் வாத்தியார்களும் அங்கே வேலைக்குப் போனார்கள், உங்கள் தாத்தா தலைமுறையில் விசாரித்தால் ஒருவராவது தெரிந்தவர் இருப்பார். அதிபர் கென்னத் கவுண்டா 1969-ல் சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கை அரசுக்கு எடுத்துக்கொண்டார். எடுத்த சில வருடத்தில், 1975 வாக்கில், தாமிர விலை சரிந்தது. எண்ணெய் விலையோ ஏறிக்கிடந்தது. இது தற்காலிகம் என்று நினைத்துக் கடன் வாங்கினார்கள், விலை பல வருடம் திரும்பவே இல்லை. கடன் மேல் கடன் ஏறியது, சுரங்கத்துக்குப் புது இயந்திரம் வாங்கக் காசில்லை, உற்பத்தியும் படுத்துவிட்டது.

இடையில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. தாமிரத்தை வெளியே அனுப்பத் தெற்கே இருந்த பாதை ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சி வழியாகப் போனது, அதனால் கிழக்கே தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ரயில் பாதை கேட்டார்கள். உலக வங்கி உட்பட மேற்கத்தியர்கள் லாபம் வராது என்று கைவிரித்தார்கள். சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து, 1970-லிருந்து 1975-க்குள் சுமார் 1,860 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்தது. அன்றைய சீனா நம்மைவிட வசதியான நாடு ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஆப்பிரிக்காவில் சீனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 2000-க்குப் பிறகுதான் கதையைத் தொடங்குகிறார்கள். ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேசினால் அவர்கள் தாசாரா என்ற இந்த ரயிலிலிருந்துதான் தொடங்குவார்கள்.

இனி முக்கியமான கட்டம். தொண்ணூறுகளில் அரசு சுரங்க நிறுவனமான இசட்.சி.சி.எம். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று சொல்லப்பட்ட நிலை. நாட்டின் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பட்ஜெட்டில் கணிசமான பங்கு உதவி நாடுகள் கொடுத்தால்தான் ஓடும். உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் உதவி நாடுகளும் ஒரே குரலில் சொன்னது: சுரங்கத்தை விற்றுவிடுங்கள். கடன் தள்ளுபடிப் பேச்சும் அந்த விற்பனையோடு சேர்த்தே பின்னப்பட்டிருந்தது. 1997-லிருந்து 2000-க்குள் துண்டு துண்டாக விற்றார்கள். அவசரத்தில் விற்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதுவும் தாமிர விலை அடிமட்டத்தில் கிடந்த நேரம்.

விலையைவிட மோசமானது ஒப்பந்தங்கள். ஒவ்வொரு கம்பெனியோடும் தனித்தனியாக "மேம்பாட்டு ஒப்பந்தம்" என்று போட்டார்கள், அவை அப்போது பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை. ராயல்டி, அதாவது தோண்டி எடுக்கும் கனிமத்தின் மதிப்பில் அரசுக்குக் கட்ட வேண்டிய பங்கு, சட்டப்படி 3 சதவீதம், ஒப்பந்தத்தில் 0.6 சதவீதம். பதினைந்து இருபது வருடத்துக்கு இதை மாற்ற மாட்டோம் என்ற உறுதிமொழி வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் தாமிரம் 7,000 டாலர் என்றால் 0.6 சதவீதம் 42 டாலர், அதுவும் உருக்கும் செலவு, கப்பல் செலவு எதையும் கழிப்பதற்கு முன்னால். 3 சதவீதமாக இருந்திருந்தால் 210 டாலர். 2002 வாக்கில் டன் 1,600 டாலர் பக்கம் கிடந்த விலை 2006-ல் 8,000 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றத்தின் பெரும் பங்கு நாட்டுக்கு வராமல் போனதற்கு இந்தக் காகிதங்கள்தான் காரணம்.

சுரங்கத்தோடு வேறொன்றும் போனது. பழைய அரசு நிறுவனம் காப்பர்பெல்ட் என்ற தாமிரச் சுரங்கப் பகுதியின் ஊர்களில் ஆஸ்பத்திரி, பள்ளி, குடிநீர், கொசு மருந்து எல்லாம் நடத்திவந்தது. வாங்கியவர்களுக்குத் தாமிரம் வேண்டும், கொசு மருந்து எதற்கு? அந்த வேலை அரசின் தலையில் விழுந்தது, அரசிடம் காசில்லை, உதவி நிறுவனங்கள் வந்தன. மாத்திரை ஏன் வெளியிலிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, அதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இதில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் வரும். கொங்கோலா தாமிரச் சுரங்கத்தை 2000-ல் வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன் இரண்டே வருடத்தில் விட்டுவிட்டுப் போனது. 2004-ல் அதில் 51 சதவீதத்தை எடுத்தது வேதாந்தா. முதலில் கொடுத்த ரொக்கம் 2.5 கோடி டாலர். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தாதான், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு மூடப்பட்ட அதே ஆலையின் தாய்க் கம்பெனி. தூத்துக்குடியில் நாம் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், கொங்கோலா நிறுவனத்தின் சுரங்கம் இருக்கும் சிங்கோலாவைச் சுற்றிய கிராமத்து மக்கள் 1,826 பேர் எங்கள் ஆற்றுநீர் கெட்டது என்று லண்டன் வரை வழக்குக்குப் போனார்கள். தாய்க் கம்பெனி மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, சமரசமாக முடித்தார்கள். தமிழில் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து வைத்து யாராவது ஆழமாக எழுத வேண்டும் என்று பல நாளாக ஆசை, உங்கள் தலைப்பு இதுவாக இருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

அப்புறம், வரி எப்படிக் கைநழுவுகிறது என்ற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

கோயம்பேட்டில் ஒரு வெங்காய மண்டிக்காரர் மூட்டையைச் சந்தை விலைக்கு விற்காமல், தன் பெயரிலேயே வேறு ஊரில் இருக்கும் இன்னொரு கடைக்குக் குறைந்த விலைக்கு விற்றதாகச் சீட்டு எழுதி, அந்தக் கடை மூலமாக முழு விலைக்கு விற்றால், முதல் கடையில் லாபமே தெரியாது, வரியும் வராது. சுரங்கக் கம்பெனிகளில் நடப்பதாகச் சொல்லப்படுவது இதுதான், அளவுதான் வேறு. தாமிரம் தோண்டுவது ஜாம்பியாவில், வாங்குவது சுவிட்சர்லாந்தில் இருக்கும் அதே குழுமத்தின் வணிகப் பிரிவு.

ஐடெக் என்று நம் வெளியுறவுத் துறை 1964-லிருந்து நடத்தும் பயிற்சித் திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிநாட்டு அரசு அதிகாரிகள் இந்தியா வந்து சில வாரம் படித்துவிட்டுப் போவார்கள், செலவு இந்தியாவுடையது. அந்த மாதிரி சென்னையில் நடக்கும் ஒரு பயிற்சியில் தணிக்கை பற்றி வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுவதுண்டு. ஜாம்பிய வரித்துறையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, இடைவேளையில் டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் விற்பனை இன்வாய்ஸ் எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டினார். முதல் வரி எடை. ஈரத்தோடு எடுத்த எடையா, ஈரத்தைக் கழித்த எடையா? இரண்டாவது வரி, சரக்கில் எத்தனை சதவீதம் தாமிரம், கூடவே கோபால்ட்டோ தங்கமோ வெள்ளியோ எவ்வளவு. சோதனைக்கூடம் யாருடையது? கம்பெனியுடையது. மூன்றாவது வரிதான் அவர் பேனாவால் வட்டமிட்டது: எந்த மாத விலை. லண்டன் உலோகச் சந்தை விலையில்தான் விற்கிறோம் என்று கம்பெனி சொல்லும், உண்மைதான், ஆனால் கப்பல் ஏறிய மாதத்துச் சராசரியா, அதற்கு முந்தைய மாதமா, அடுத்த மாதமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒப்பந்தப்படி வாங்குகிறவர் கையில் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் இதற்காக மல்லுக்கு நிற்பார்கள். இருவரும் ஒரே முதலாளி என்றால் எந்த மாதம் விலை குறைவோ அந்த மாதம்தான் எப்போதும் வரும். "இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குப் பல வருடம் ஆயிற்று சார், கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்" என்றார். அந்த இரண்டாவது பாதி எனக்கு முதல் பாதியைவிட முக்கியமாகப் பட்டது. அரசுச் சம்பளத்துக்கும் கம்பெனிச் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தை எந்த உதவித் திட்டமும் சரியாகக் கையாளவில்லை. பயிற்சி கொடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், பயிற்சி பெற்றவர் அடுத்த வருடம் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பார்.

அவர் சொன்னதன் பின்னால் உள்ள பெரிய வழக்கு மோபானி. முஃபுலிராவிலும் கிட்வேயிலும் இருக்கும் சுரங்கம், அப்போது பெரும்பங்கு சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் என்ற வணிகக் குழுமத்துடையது. ஐரோப்பிய அரசுகளின் முதலீட்டு வங்கி 2005-ல் அதன் உருக்காலையைச் சீரமைக்க 4.8 கோடி யூரோ கடன் கொடுத்தது, சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்கும் என்று சொல்லித்தான். இன்னொரு பக்கம், நார்வேயின் உதவிப் பணத்தில் ஜாம்பிய வரித்துறை வெளித் தணிக்கையாளர்களை வைத்து அதே சுரங்கத்தின் கணக்கைப் பார்த்தது. அந்த வரைவு அறிக்கை 2011-ல் வெளியே கசிந்தது. செலவுக் கணக்கு விளக்க முடியாதபடி ஏறியிருக்கிறது, விற்பனை விலை சந்தை விலையோடு ஒத்துவரவில்லை என்று அதில் இருந்தது. கம்பெனி மறுத்தது. ஐரோப்பிய வங்கி அந்தக் குழுமத்துக்குப் புதுக்கடன் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. ஜாம்பிய வரித்துறை விடாமல் வழக்கு நடத்தியது, 2020 மே மாதம் ஜாம்பிய உச்ச நீதிமன்றம் வரித்துறை பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிடைத்த வரி சுமார் 1.3 கோடி டாலர்.

சுரங்கத்தின் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் ஒரு வரித்துறை, இத்தனை பெரிய வணிகக் குழுமத்தை, அதன் சொந்த இன்வாய்ஸை வைத்தே உச்ச நீதிமன்றத்தில் தோற்கடித்தது. அடுத்த கம்பெனி விலை எழுதும்போது இதை நினைத்துப் பார்க்கும். ஒரே சுரங்கம், ஒரே காலம், இரண்டு உதவி: ஒன்று உருக்காலைக்குப் போனது, ஒன்று தணிக்கைக்குப் போனது. எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், எது நாட்டுக்கு என்ன கொண்டுவந்தது என்று ஒப்பிடுங்கள். உங்கள் ஆய்வுக்கு இந்த ஓர் ஒப்பீடே போதும் என்பேன்.

கடன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாளிதழ்களில் இது நிறைய வந்துவிட்டது. 2005-06-ல் கடன் தள்ளுபடி கிடைத்து, 700 கோடி டாலருக்கு மேல் இருந்த வெளிக்கடன் 100 கோடிக்கும் கீழே வந்தது. 2008-ல் அரசு பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்து ராயல்டியை 3 சதவீதமாக்கி, விலை ஏறும்போது கூடுதல் வரி என்று ஒன்றும் கொண்டுவந்தது. உலக நிதி நெருக்கடியில் விலை விழுந்ததும் 2009-ல் அந்தக் கூடுதல் வரியை விட்டுக்கொடுத்தார்கள், அடுத்த இரண்டு வருடத்தில் விலை மறுபடி எகிறியது. பிறகு 2012, 2014, 2015 என்று மூன்று தடவை டாலர் கடன் பத்திரம் விட்டு மொத்தம் 300 கோடி டாலர் வாங்கினார்கள், சீனாவிடம் சாலைக்கும் மின்சாரத்துக்கும் தனியாகக் கடன். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டி கட்ட முடியாமல் தவணை தவறியது, பெருந்தொற்றுக் காலத்தில் அப்படி விழுந்த முதல் ஆப்பிரிக்க நாடு. 2021-ல் ஹகைண்டே ஹிச்சிலேமா அதிபராக வந்து, 2022-ல் பன்னாட்டு நிதியத்தின் 130 கோடி டாலர் திட்டத்துக்குள் போய், 2023 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளோடு 630 கோடி டாலர் கடனைத் தள்ளிப்போட ஒப்பந்தம் செய்தார். அதில் 400 கோடிக்கு மேல் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடையது. தாமிரத்தை நம்பி வாங்கிய கடன் தாமிரம் விழும்போது கழுத்துக்கு வருவது 1975-க்கும் 2020-க்கும் பொதுவாக இருக்கிறது, இடையில் கடன் தள்ளுபடி செய்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். எச்.ஐ.வி. ஜாம்பியாவை உலுக்கிய நோய். 2003-ல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டமும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும் இல்லாமல் இருந்திருந்தால் அங்கே ஒரு தலைமுறையே காணாமல் போயிருக்கும். இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தினமும் மருந்து சாப்பிட்டு உயிரோடு, வேலை வெட்டியோடு இருக்கிறார்கள். இதை யாராவது ஏகாதிபத்தியச் சதி என்று ஒரு வரியில் தள்ளினால் எனக்குக் கோபம் வரும். அதே நேரம் 2009-ல் சுகாதார அமைச்சகத்தில் பணம் களவு போனது தெரிந்து ஸ்வீடனும் நெதர்லாந்தும் நிதியை நிறுத்தின. 2018-ல் ஏழைகளுக்கான பணப்பட்டுவாடாவில் முறைகேடு என்று பிரிட்டன் உட்படச் சில நாடுகள் நிறுத்தின. 2025 மே மாதம், இலவசமாகக் கொடுத்த மருந்துகள் தனியார் மருந்துக்கடைகளில் விலைக்கு விற்கப்படுகின்றன என்று சொல்லி அமெரிக்கா வருடத்துக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை வெட்டியது. ஒவ்வொரு தடவையும் திருடியவன் ஒருவன், மருந்து கிடைக்காமல் நிற்பவன் வேறொருவன்.

நான் இதைப் பார்க்கும் விதம் இது: மருந்துக்கான காசை வெளியார் கொடுக்கும்வரை, மருந்து களவு போனால் அதற்காக லுசாகாவில் ஓட்டு மாறுவதில்லை. வாஷிங்டனில் இருக்கிறவருக்கு யார் பதில் சொல்வது என்பதே பேச்சாக இருக்கிறது, சிங்கோலாவில் இருக்கிறவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இல்லை. ஆனால் அதற்காக மருந்தை ஒரே வெட்டாக நிறுத்துவது சரியா? கிடையாது. ராயல்டியிலும் சுரங்க வரியிலும் வருவதிலிருந்து வருடா வருடம் இவ்வளவு பங்கு மருந்துக்கு என்று அரசு ஏற்றுக்கொண்டே வர, உதவி அதே அளவுக்கு இறங்கிக்கொண்டே வரும்படி பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே எழுத்தில் போட்டிருக்க வேண்டும். வரி வசூலிக்கும் திட்டமும் மருந்துத் திட்டமும் தனித்தனி அலுவலகங்களில் தனித்தனி ஆட்களால் நடத்தப்பட்டதால் இது நடக்கவில்லை.

வேறு நாடுகளை எடுத்தால், சாடு என்ற ஆப்பிரிக்க நாட்டில் உலக வங்கி எதிர்ப்பக்கத்திலிருந்து முயன்றது. எண்ணெய்க் குழாய்க்கு உதவுகிறோம், பதிலுக்கு எண்ணெய்ப் பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்குங்கள், 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கு எடுத்து வையுங்கள் என்று 1999-ல் சட்டமே போட வைத்தார்கள். 2003-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. காசு கைக்கு வந்ததும் அரசு சட்டத்தைத் திருத்தியது, வங்கி 2006-ல் கடனை நிறுத்தியது, 2008-ல் சாடு மீதிக்கடனை மொத்தமாகக் கட்டி வங்கியை அனுப்பிவிட்டது. எண்ணெய் விலை நன்றாக இருக்கும்போது வெளியாரின் நிபந்தனைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

போட்ஸ்வானா மாறாக நடந்தது. 1966-ல் சுதந்திரம் வாங்கியபோது அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் மானியம் வேண்டியிருந்த நாடு, அடுத்த வருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. வெளிநாட்டு நிபுணர்களை அவசரப்பட்டு அனுப்பிவிடாமல் தங்கள் நிதி அமைச்சகத்துக்குள், தங்கள் அதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்ய வைத்தார்கள். டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியோடு போட்ட பங்கை எழுபதுகளின் நடுவில் மறுபடி பேசிப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். நார்வேக்குக்கூட அப்படி ஒருவர் கிடைத்தார்: ஃபாரூக் அல்காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர், தன் குழந்தையின் வைத்தியத்துக்காக 1968-ல் ஆஸ்லோ வந்தவர். எண்ணெய்க் கம்பெனிகள் சொல்வதைச் சரிபார்க்க ஆளில்லாமல் இருந்த நார்வே அரசு அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. இன்றைக்கு எண்ணெய் நிர்வாகத்துக்கு உலகமே நார்வேயை உதாரணம் காட்டுகிறது, அங்கே ஆரம்பத்தில் அரசுப் பக்கம் உட்கார்ந்து படித்துச் சொன்னவர்களில் ஒருவர் பஸ்ராவிலிருந்து வந்தவர்.

சென்னையையே எடுங்கள், உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்து கொடுங்கையூர், வில்லிவாக்கம், இந்தப் பக்கம் அரும்பாக்கம் ஆகிய இடங்களில் 1977-ல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் மனையும் சாலையும் குழாயும் போட்டுக் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். 1980-ல் தமிழ்நாடு ஊட்டச்சத்துத் திட்டம், அதுவும் உலக வங்கிக் கடன்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு என்று கிராமம் கிராமமாக நடத்தினார்கள். வங்கி போன பிறகும் எடை போடுவது நிற்கவில்லை, அந்த வேலை அங்கன்வாடிக்குள் போய்ச் சேர்ந்தது. மெட்ரோ முதல் கட்டச் செலவில் பாதிக்கு மேல் ஜப்பான் கடன். நமக்குத் தாமிரமும் இல்லை வைரமும் இல்லை, ஆனால் கடன்காரர் கொண்டுவரும் வரைபடத்தைப் பார்த்து "இது இங்கே நடக்காது" என்று சொல்லத் தெரிந்த பொறியாளர்களும், கணக்கைக் கேள்வி கேட்கும் தணிக்கை அலுவலகமும் இருந்தன. குறைகள் இல்லாமல் இல்லை, ஆனாலும் மேசையின் இந்தப் பக்கம் காலியாக இல்லை.

இந்தியா அங்கே என்ன செய்கிறது என்பதையும் உங்கள் ஆய்வில் விடாதீர்கள், நம்மவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இட்டேஜி-டேஜியில் 120 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்கு இந்தியக் கடன், 650 சிறிய சுகாதார நிலையங்களுக்கு இந்தியக் கடன், லுசாகாவின் சாலை நெரிசல் தீர்க்கும் 28.9 கோடி டாலர் திட்டத்துக்கு இந்தியக் கடன், கட்டியது இந்தியக் கம்பெனி. இந்தக் கடன்களில் பொதுவாகப் பொருளிலும் சேவையிலும் முக்கால் பங்கு இந்தியாவிலிருந்துதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சீனா செய்தால் தவறு, நாம் செய்தால் நட்பு என்று எழுதினால் எந்தப் பேராசிரியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். என் கணக்கில் இந்தியா செய்யும் மிக நல்ல உதவி, பேச்சில் அதிகம் அடிபடாத ஐடெக் பயிற்சியும், எல்லை தாண்டிய வரி ஆய்வாளர்கள் என்ற பன்னாட்டுத் திட்டத்தில் நம் வருமான வரி அதிகாரிகளை அனுப்புவதும்தான். 2021-ல் பூடானுக்கு அப்படி அனுப்பினார்கள். காப்பர்பெல்ட் மாதிரி இடங்களுக்கு இதைப் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும், நம்மிடம் அதற்கு ஆள் இருக்கிறது.

இன்றைய நிலவரம் ஒன்று மட்டும். தாமிரத்துக்கு மின்சார வாகனங்களால் மறுபடி கிராக்கி. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு ரயில் பாதை என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2023-ல் ஒப்பந்தம் போட்டன. 2024-ல் ஜாம்பியாவில் சுமார் 8.2 லட்சம் டன் தாமிர உற்பத்தி, அடுத்த பத்தாண்டின் தொடக்கத்துக்குள் அதை 30 லட்சம் டன்னாக்குவோம் என்கிறது அரசு. இதற்கு நடுவில் 2025 பிப்ரவரியில் சம்பிஷி பக்கம் ஒரு சீனச் சுரங்கக் கம்பெனியின் கழிவு அணை உடைந்து அமிலக் கழிவு கஃபுவே ஆற்றில் கலந்தது, மீன்கள் செத்து மிதந்தன, கிட்வே நகரத்துக் குடிநீரை நிறுத்த வேண்டி வந்தது. அணையை முன்கூட்டியே போய்ப் பார்த்திருக்க வேண்டிய ஆய்வாளர்கள் எத்தனை பேர், அவர்களிடம் போய்வர வண்டி இருந்ததா, தண்ணீரைச் சோதிக்க அரசு ஆய்வுக்கூடம் இருந்ததா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. சுரங்கங்களை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையம் அமைக்க 2024-ல் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். உதவி நாடுகள் ரயிலுக்குக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியை இந்த ஆணையத்துக்குக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

தலைப்பை எடுக்கலாமா என்றால், கட்டாயம் எடுங்கள், ஆனால் "ஆப்பிரிக்காவுக்கு உதவி" என்று அகலமாக எடுக்காதீர்கள். மோபானி மட்டும், அல்லது தூத்துக்குடியும் சிங்கோலாவும் மட்டும். சுரங்க வெளிப்படைத்தன்மைக்கான பன்னாட்டு அமைப்பில் ஜாம்பியா 2009-லிருந்து இருக்கிறது. எந்தக் கம்பெனி எவ்வளவு கட்டியது, அரசு எவ்வளவு வந்ததாகச் சொல்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அறிக்கை போடுகிறார்கள், இலவசமாகப் படிக்கலாம். ஜாம்பியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகளும் கிடைக்கும். முதலில் 2008, 2009 ஆண்டுகளுக்கான கணக்கை எடுத்து ராயல்டி என்ற ஒரு கணக்கை மட்டும் பாருங்கள், எங்காவது புரியாமல் நின்றால் எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று குறித்துக் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.